இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, தமிழகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கிறித்தவ சமயப் பணியாளரும் மொழியியல் அறிஞரும் ஆவார். 1856 ஆம் ஆண்டில் இவர் எழுதி வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை விரிவான சான்றுகளுடன் நிறுவியது.

சொற்களை ஒரு மொழி மற்றொன்றிடமிருந்து எளிதில் கடன் வாங்கிவிடும். ஆகவே கால்டுவெல் வெறும் சொற்பட்டியலோடு நின்றுவிடவில்லை. மூவிடப்பெயர்கள், எண்ணுப்பெயர்கள், வினைமுற்று விகுதிகள், வேற்றுமை உருபுகள் ஆகிய இலக்கணக் கூறுகளின் மீதே தமது வாதத்தை எழுப்பினார். இவற்றுள் வேற்றுமை உருபுகள் பற்றிய இவரது ஆய்வு அதிகம் பேசப்படாதது. ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பின் எந்த உருபு வரவேண்டும் என்பதை விதி மட்டுமின்றி, அப்பெயர் குறிக்கும் பொருளும், பேசுவோரின் சமூகச் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்ற பிற்கால ஆய்வுகளுக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது.

இளமைக்காலம்

கால்டுவெல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் கிளாடி என்னும் ஊரில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தார். இவரது சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. முறையான பள்ளிக் கல்வி குறைவாகவே கிடைத்தபோதிலும், நூல்களைத் தாமே தேடிப் படித்தார். பதின்ம வயதில் டப்ளின் நகரில் ஓவியம் பயின்றார். பின்னர் சமயப் பணியில் நாட்டங்கொண்டு, 1834 இல் இலண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கம் இவரைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது.

கிளாஸ்கோவில் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த டேனியல் சாண்ட்போர்டின் விரிவுரைகள் இவருக்கு ஒப்பியல் மொழிநூலில் ஆர்வத்தைத் தூண்டின. அக்காலத்தில் ஐரோப்பாவில் கிரேக்கம், இலத்தீன், சமஸ்கிருதம் முதலிய மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் முறை வளர்ந்து வந்தது. அம்முறையைத் தென்னிந்திய மொழிகளுக்குப் பயன்படுத்தும் வாய்ப்பு பின்னாளில் கால்டுவெல்லுக்குக் கிட்டியது.

சென்னை வருகை

நீண்ட கடற்பயணத்திற்குப் பின் ஜனவரி 8, 1838 அன்று கால்டுவெல் சென்னையை அடைந்தார். தெலுங்கறிஞர் சி. பி. பிரவுனும் அதே கப்பலில் பயணம் செய்தார். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி நங்கூரமிட்டு நிற்க, பயணிகளும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரை சேர வேண்டியிருந்தது. இன்றைய வடசென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870களில்தான் தொடங்கியது. இராயபுரம் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்டது கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்த அதே 1856 ஆம் ஆண்டில் ஆகும்.

சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்து தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1840 இல் வெளியிட்ட துரு பாதிரியாரின் நட்பு இவருக்கு அங்குக் கிடைத்தது. இந்நகரில் மொழியாய்வுக்கு ஏற்கெனவே ஒரு மரபு இருந்தது. 1812 இல் நிறுவப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் முன்னோடியான எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தை 1816 இல் காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் வெளியிட்டிருந்தார். அக்கருத்தை முழுமையான ஆய்வாக விரித்தவர் கால்டுவெல் ஆவார்.

இடையன்குடி வாழ்க்கை

1841 இல் கால்டுவெல் இலண்டன் மிஷனரி சங்கத்திலிருந்து விலகி, ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவ்வாண்டு சென்னையிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டு, தரங்கம்பாடி, கும்பகோணம் வழியாக நீலகிரியை அடைந்தார். உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றபின் கோயம்புத்தூர், மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார். வழிநெடுக வெவ்வேறு வட்டாரங்களின் மக்களையும் பேச்சையும் நேரில் அறிய இப்பயணம் உதவியது. ஆண்டின் இறுதியில் இடையன்குடி என்னும் சிற்றூரை அடைந்து, அதையே தம் வாழிடமாக்கிக் கொண்டார்.

1844 இல், நாகர்கோவிலில் சமயப்பணி செய்துவந்த சார்லஸ் மால்ட்டின் மகளான எலைசாவை மணந்தார். எலைசா இடையன்குடியில் பெண்கல்விக்கும், பெண்கள் வருவாய் ஈட்ட உதவிய பின்னல் வேலைப் பயிற்சிக்கும் பாடுபட்டார். இடையன்குடியின் திரித்துவ ஆலயத்துக்கு 1847 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிக்க முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

பனைத்தொழில் செய்யும் எளிய மக்களிடையே வாழ்ந்ததால், நூல்களில் உள்ள தமிழுக்கும் மக்கள் நாவில் வழங்கும் தமிழுக்கும் உள்ள இடைவெளியைக் கால்டுவெல் நாள்தோறும் எதிர்கொண்டார். ஹென்றி பவர் தலைமையில் நடைபெற்ற தமிழ் விவிலியத் திருத்தக் குழுவிலும் இவர் உறுப்பினராக இருந்தார். கற்றோர் ஏற்கும் நடை வேண்டும். அது கல்லாதோர் காதுக்கும் எட்ட வேண்டும் என்பது அக்குழுவின் முன் நின்ற பெருஞ்சிக்கலாகும். அத்திருத்தப் பதிப்பு 1871 இல் முழுமையாக வெளிவந்தது.

ஒப்பிலக்கணம்

1854 இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்ற கால்டுவெல், 1856 இல் இலண்டனில் தமது ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். மிகவும் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875 இல் வெளிவந்தது. இதில் பன்னிரண்டு மொழிகள் ஆராயப்பட்டுள்ளன. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள் எனவும், தோடா, கோத்தா, கோண்டு, கோந்து, ஒராவோன், இராஜமகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள் எனவும் இவர் வகுத்தார். எழுத்திலக்கியம் உடையவை, இல்லாதவை என்ற அடிப்படையில் அமைந்த இப்பாகுபாட்டை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை.

வேற்றுமை உருபுகள் பற்றிய ஆய்வு

ஐரோப்பிய மொழிகளில் இடம், உடைமை, கருவி, துணை முதலிய உறவுகளைப் பெரும்பாலும் பெயருக்கு முன் வரும் இடைச்சொற்கள் உணர்த்துகின்றன. தமிழில் இவ்வேலையைப் பெயருக்குப் பின் வரும் உருபுகளும் சொல்லுருபுகளும் செய்கின்றன. திராவிட மொழிகள் அனைத்தும் இவ்வாறு பின்னொட்டு முறையையே பின்பற்றுவதைக் கால்டுவெல் அவற்றின் உறவுக்கு ஒரு சான்றாகக் கொண்டார்.

1. வேற்றுமைகளின் எண்ணிக்கை

தமிழ் இலக்கண நூல்கள் வேற்றுமை எட்டு என வகுத்துள்ளன. இது சமஸ்கிருத இலக்கணத்தைப் பின்பற்றிய அமைப்பு என்றும், திராவிட மொழிகளின் இயல்புக்குப் பொருந்தாதது என்றும் கால்டுவெல் கருதினார். இம்மொழிகளில் எத்தனை பின்னொட்டுகள் உண்டோ அத்தனை வேற்றுமைகள் உண்டு என்பது இவரது நிலைப்பாடு. எனினும் ஒப்பிடுவதற்கு வசதியாகத் தமது நூலில் வழக்கமான வரிசையையே கையாண்டார்.

2. மூன்றாம் வேற்றுமை

ஆல், ஓடு என்னும் இரண்டும் மூன்றாம் வேற்றுமைக்குள் அடக்கப்படுகின்றன. ஆனால் கத்தியால் வெட்டினான் என்பதில் ஆல் கருவியையும், தந்தையோடு வந்தான் என்பதில் ஓடு உடனிகழ்வையும் உணர்த்துகின்றன. இரண்டும் பொருளால் வேறானவை என்பதால் கால்டுவெல் அவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார்.

3. நான்காம் வேற்றுமை

தமிழில் கு, தெலுங்கில் கு அல்லது கி, கன்னடத்தில் கெ என இவ்வுருபு பல திராவிட மொழிகளில் சிறு வேறுபாடுகளுடன் வழங்குகிறது. சமஸ்கிருதத்தில் இதற்கு இணையான உருபு இல்லை. ஆகவே இது கடன் வாங்கப்பட்டதன்று, பொது மூதாதை மொழியிலிருந்து வந்ததே என்று இவர் காட்டினார். இந்தி மொழியின் கோ என்னும் உருபையும் இதனுடன் தொடர்புபடுத்தினார். அக்கருத்து பின்வந்த அறிஞர்களால் ஏற்கப்படவில்லை.

4. ஏழாம் வேற்றுமை

இடத்தைக் குறிக்கும் எச்சொல்லும் ஏழாம் வேற்றுமையின் உருபாக மாறக்கூடும் என்பதைக் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். நன்னூல் இவ்வேற்றுமைக்கு 28 உருபுகளைத் தருகிறது. கண், கால், கடை, தலை, வாய் போன்றவை அவற்றுள் சில. உடலுறுப்புகளையும் இடங்களையும் குறித்த முழுச்சொற்கள் நாளடைவில் தம் பொருள் தேய்ந்து உருபுகளாகின. இல் என்னும் உருபையும் வீடு என்னும் பொருளுடைய இல் என்ற சொல்லோடு இவர் தொடர்புபடுத்தினார்.

பொருள் சார்ந்த தேர்வு

கால்டுவெல் தொகுத்த தரவுகளிலும் இன்றைய தமிழிலும், எந்த உருபைத் தேர்வது என்பதில் உயர்திணை, அஃறிணை வேறுபாடு பெரும்பங்கு வகிப்பதைக் காணலாம். பெட்டியில் பணம் இருக்கிறது என்கிறோம். தம்பியில் பணம் இருக்கிறது என்று சொல்வதில்லை, தம்பியிடம் பணம் இருக்கிறது என்கிறோம். சென்னைக்குப் போனான் என்பது இயல்பு. மருத்துவருக்குப் போனான் என்பது இயல்பன்று, மருத்துவரிடம் போனான் என்பதே வழக்கு. பழந்தமிழில் கண் என்னும் உருபு பொருளுக்கும் ஆளுக்கும் பொதுவாக வழங்கியது. ஆளுக்குத் தனியாக இடம் என்பது நிலைபெற்றது பிற்கால வளர்ச்சியாகும்.

இரண்டாம் வேற்றுமையிலும் இவ்வேறுபாடு உண்டு. தண்ணீர் குடித்தான் என்பதில் ஐ உருபு மறைந்து நிற்கலாம். தம்பியை அழைத்தான் என்பதில் அது வெளிப்பட்டே தீரவேண்டும். அஃறிணைப் பெயர்களில் உருபு தொக்கு நிற்பதைக் கால்டுவெல்லும் குறித்துள்ளார்.

இத்தகைய நுட்பங்களை மரபிலக்கணம் அறியாதிருந்தது என்று கொள்ளலாகாது. ஓர் உருபின் இடத்தில் மற்றோர் உருபு வருவதை விளக்கவே தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியல் என ஒரு தனி இயலை வகுத்துள்ளது. எட்டு என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தமிழ் இலக்கணிகளை மதிப்பிட்டது கால்டுவெல்லின் குறையாகச் சுட்டப்படத்தக்கது.

சமூகம் சார்ந்த தேர்வு

வீரமாமுனிவர் 1728 இல் கொடுந்தமிழுக்கும் 1730 இல் செந்தமிழுக்கும் தனித்தனியே இலத்தீனில் இலக்கணம் எழுதியிருந்தார். ஒரே மொழிக்கு இரு இலக்கணம் தேவைப்பட்டது என்பதே தமிழின் இரட்டை வழக்குக்குச் சான்றாகும். கால்டுவெல்லும் தமது நூலில் இலக்கிய வடிவங்களோடு பேச்சு வடிவங்களையும் சேர்த்தே ஆராய்ந்தார். மக்கள் வழக்கைச் சிதைவு என்று ஒதுக்காமல் ஆய்வுக்குரிய சான்றாகக் கொண்டது அவர் காலத்தில் குறிப்பிடத்தக்க அணுகுமுறையாகும்.

இடம் என்னும் ஓர் உருபை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும். எழுத்தில் அவரிடம் சொன்னேன் என்பது, பேச்சில் பல வட்டாரங்களில் அவர்கிட்ட சொன்னேன் என்றாகிறது. கிட்டு என்னும் வினையிலிருந்து வந்த கிட்ட, அருகில் என்ற பொருளிலிருந்து ஆளைக் குறிக்கும் உருபாக வளர்ந்தது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் உள்ளிட்ட வடசென்னைப் பகுதிகளின் பேச்சில் இதே வேலையை ஆண்ட என்பது செய்கிறது. வீட்டருகே என்பதற்கு ஊட்டாண்ட என்றும், அவரிடம் சொல் என்பதற்கு அவராண்ட சொல்லு என்றும் வழங்குவர். அருகில் எனப் பொருள்படும் அண்டை என்னும் பழஞ்சொல்லின் திரிபாக இதனைக் கொள்ளலாம்.

கிட்ட, ஆண்ட ஆகிய இரண்டும் அருகாமையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தன. இரண்டும் இடத்துக்கும் ஆளுக்கும் வழங்குகின்றன. இலக்கண நோக்கில் இவற்றிடையே உயர்வு தாழ்வு இல்லை. எனினும் கிட்ட என்பது பொதுப்பேச்சாக ஏற்கப்படுகிறது. ஆண்ட என்பதோ துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் ஆகியோரின் பேச்சாக அடையாளம் காணப்பட்டு, திரைப்படங்களில் நகைச்சுவைக்குப் பயன்படுத்தப்படுகிறது. வகுப்பறையிலும் நேர்காணலிலும் இதைப் பேசுவோரே தவிர்த்துக்கொள்வதும் உண்டு. உருபின் மதிப்பு அதன் அமைப்பிலிருந்து வருவதன்று, அதைப் பேசுவோருக்குச் சமூகம் அளிக்கும் மதிப்பிலிருந்து வருவது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டாகும்.

தமிழில் சாதிக்கும் கிளைவழக்குக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு அறிஞர் ழூல் பிளாக் 1910 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். 1960களில் வில்லியம் பிரைட், ஏ. கே. இராமானுசன் ஆகியோர் இத்துறையை மேலும் வளர்த்தனர்.

பிரெஞ்சு மொழியுடன் ஓர் ஒப்பீடு

பொருளும் சமூகமும் சேர்ந்து உருபைத் தீர்மானிப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ழூல் பிளாக்கின் தாய்நாட்டு மொழியான பிரெஞ்சில், ஓரிடத்துக்குச் செல்வதைக் கூறும்போது ஆ என்னும் முன்னிடைச்சொல் வரும். ஓர் ஆளிடம் செல்வதைக் கூறும்போது ஷே என்பது வரவேண்டும் என்பது இலக்கண விதி. ரொட்டிக்கடைக்கு என்றால் ஆ, ரொட்டிக்கடைக்காரரிடம் என்றால் ஷே. தமிழின் கு, இடம் என்னும் வேறுபாட்டை இது பெரிதும் ஒத்துள்ளது.

ஆனால் பிரெஞ்சு மக்களின் அன்றாடப் பேச்சில் மருத்துவர், முடிதிருத்துபவர் போன்ற தொழிற்பெயர்களுடனும் ஆ வருவதுண்டு. இலக்கண நூல்கள் இதைக் கல்லாதோர் வழக்கு என்று கண்டிக்கின்றன. அத்தொழிலரை ஆளாகக் கருதாமல் சென்று சேரும் இடமாகக் கருதும்போது ஆ வருவது பொருளடிப்படையில் இயல்பானதே. ஆயினும் அதைப் பயன்படுத்துபவரின் கல்வியும் வகுப்பும் அச்சிறு சொல்லால் அளக்கப்படுகின்றன. மேலும், ஷே என்பது வீடு என்னும் பொருளுடைய காசா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து தோன்றியது. இல் என்னும் தமிழ் உருபுக்குக் கால்டுவெல் கூறிய தோற்றமும் வீடே. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகளில் வீடு இவ்வாறு வேற்றுமைப் பொருளுக்கு அடிப்படையானது குறிப்பிடத்தக்கது.

திறனாய்வுகள்

கால்டுவெல்லின் கருத்துகள் அனைத்தும் இன்று ஏற்கப்படுவதில்லை. திராவிட மொழிகளை வடக்கு ஆசியாவின் சித்திய மொழிகளோடு உறவுபடுத்திய இவரது கொள்கை கைவிடப்பட்டுவிட்டது. இவர் காலத்தில் சங்க நூல்களுள் பெரும்பாலானவை அச்சேறவில்லை. ஆகவே தமிழ் இலக்கியத்தின் தொன்மையைக் குறைத்தே மதிப்பிட்டார்.

திருநெல்வேலி நாடார் சமூகத்தைப் பற்றி 1849 இல் இவர் வெளியிட்ட சிறுநூல் அச்சமூகத்தினரிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. அம்மக்களின் தோற்றம், அறிவுநிலை ஆகியவை குறித்து அதில் கூறப்பட்டவை இழிவுபடுத்துவன என்று அவர்கள் கருதினர். மக்களின் பேச்சை மதித்து ஆராய்ந்த அறிஞர் அம்மக்களைப் பற்றி எழுதுகையில் தம் காலத்து ஐரோப்பியரின் முன்முடிவுகளிலிருந்து விடுபடவில்லை என்பதை இது காட்டுகிறது.

இறுதிக்காலம்

கிளாஸ்கோ பல்கலைக்கழகம் கால்டுவெல்லுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1877 இல் கல்கத்தாவில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் நிவாரணப் பணிகளில் ஈடுபட்டார். கொற்கை, காயல் ஆகிய இடங்களில் அகழாய்வும் செய்தார். 1880களில் தூத்துக்குடிக்கு மாறி, அங்கு இவர் பெயரிலான கல்லூரி இயங்கத் துணைநின்றார். 1891 இன் தொடக்கத்தில் ஓய்வு பெற்று, அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். இவரது உடல் இடையன்குடி ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

முக்கிய நூல்கள்

* திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856, இரண்டாம் பதிப்பு 1875)
* திருநெல்வேலி மாவட்ட அரசியல், பொது வரலாறு (1881)
* திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றுப் பதிவுகள் (1881)

இவை அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஒப்பிலக்கணத்தைப் புலவர் கா. கோவிந்தன், க. ரத்னம் ஆகியோர் தமிழில் மொழிபெயர்த்துள்ளனர்.

நினைவுகளும் மறுபதிப்பும்

1968 இல் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை நிறுவப்பட்டது. 2010 இல் இந்திய அஞ்சல் துறை இவரது நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இடையன்குடியில் இவர் வாழ்ந்த வீடு 2011 இல் தமிழக அரசால் நினைவில்லமாக்கப்பட்டது.

ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பு 1913 இல், ஆசிரியர் மறைந்த பின்னர் வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட சமூகங்கள், பண்டைய திராவிடரின் சமயம் முதலியவை பற்றி 1875 ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்த பிற்சேர்க்கைகள் அதில் நீக்கப்பட்டிருந்தன. பல தலைமுறை மாணவர்கள் இந்தச் சுருங்கிய பதிப்பையே படித்து வந்தனர். வடசென்னையின் திருவொற்றியூரிலிருந்து இயங்கிய கவிதாசரண் பதிப்பகம் 1875 ஆம் ஆண்டின் முழுப்பதிப்பை 2008 இல் மீண்டும் வெளியிட்டது. இதன்மூலம் கால்டுவெல்லின் மொழியாய்வையும் சமூகம் பற்றிய அவரது கருத்துகளையும் ஒருசேரப் படித்து மதிப்பிடும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிடைத்தது.